ரிமோட் அலாரத்தைக் கழற்றிய பைக்: திருகோணமலை உப்புக்காற்றில் நீண்டகாலப் பயன்பாடு

கடையில் பூட்டித் தரும் ரிமோட் அலாரம் திருகோணமலையில் முதல் வருடம் ஒழுங்காக இருக்கும். இரண்டாவது மாரி முடியச் சேட்டை தொடங்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்தபடி நிற்கும் பைக்குகளில் அதற்கும் முந்தி. முதலில் சைரனின் குரல் கம்மும். பிறகு லொறி போனாலும் கத்தும், இடி இடித்தாலும் கத்தும். கோயில் திருவிழா வெடிக்குக் கேட்கவே வேண்டாம். இதெல்லாம் தொல்லை மட்டுந்தான். கழற்ற வைப்பவை வேறு இரண்டு: பற்றரி இறங்குவதும், ஓட்டத்தில் எஞ்சின் நின்றுபோவதும்.

பற்றரிக் கதையை மல்டிமீற்றர் சொல்லிவிடும். திறப்பை எடுத்துவிட்டு, பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் இடையில் மீற்றரைப் போடுங்கள். 10 அம்பியர் துளையில் தொடங்கி, அளவு சிறியதென்று தெரிந்தபின் மில்லிஅம்பியருக்கு மாற்றுங்கள். அந்த நிலையில் யாராவது திறப்பைத் திருப்பினால் மீற்றரின் பியூஸ் போய்விடும். அலாரம் இல்லாத சாதாரண கார்புரேட்டர் பைக்கில் 0 காட்டும். டிஜிட்டல் மணிக்கூடு இருந்தால் ஒன்றிரண்டு மில்லிஅம்பியர். அலாரத்தோடு 20 காட்டினால் நாளுக்கு ஏறக்குறைய அரை அம்பியர்மணி போகிறது. 5 அம்பியர்மணிப் பற்றரி பத்து நாளில் வெறுமை. இரண்டு கிழமை கொழும்பில் நின்றுவிட்டு வந்து, செல்ஃப் எடுக்கவில்லையென்று பற்றரிக் கடைக்காரரோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

எஞ்சின் நிற்பதற்குக் காரணம் இம்மொபிலைசர் றிலே, அதாவது அலாரம் லொக்கில் இருக்கும்போது எஞ்சினை ஓடவிடாமல் தடுக்கும் சுவிச். இது இரண்டு விதமாகப் பூட்டப்பட்டிருக்கும். ஒன்று, திறப்பிலிருந்து சிடிஐக்கோ (பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கும் பெட்டி) இசியூவுக்கோ (இன்ஜெக்‌ஷன் பைக்கின் கணினி) போகும் வயரை வெட்டி, இரண்டு முனையையும் அலாரம் பெட்டிக்குள் கொண்டுபோவது. மற்றது, எதையும் வெட்டாமல் கில் சுவிச் வயரில் ஒரு கிளை எடுத்து, அலாரம் லொக் ஆகும்போது அதை ஏர்த் பண்ணுவது (சேசிசோடு சேர்ப்பது). கழற்ற முதல் எது என்று கண்டுபிடியுங்கள். ரிமோட்டால் அலாரத்தைத் திறந்து, திறப்பை ஓஃப் பண்ணி, பெட்டியின் பெரிய கனெக்டரை இழுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். ஸ்டார்ட் ஆனால் ஏர்த் பண்ணும் வகை. பிளக்கில் நெருப்பே வராவிட்டால் வெட்டிய வகை. அந்த இரண்டு முனையையும் சேர்க்கும்வரை பைக் ஓடாது. பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, பைக்கைத் தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போவோர் தவறவிடுவது இதைத்தான்.

வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். சிவப்பு பற்றரி, கறுப்பு ஏர்த் என்பது அநேகமாகச் சரி; மற்றவை பெட்டிக்குப் பெட்டி மாறும். சீட், சைட் கவர் இரண்டையும் கழற்றி, தேவையென்றால் டேங்கையும் தூக்கி, ஒவ்வொரு வயரும் எங்கே போய்த் தொடுகிறது என்று கையால் பிடித்துக்கொண்டே போங்கள். வெட்ட முதல் போனில் படம் எடுங்கள். பற்றரியில் நெகட்டிவ் முதலில், பொசிட்டிவ் பிறகு. திறப்பு ஓனில் இருக்கும்போது பற்றரியைக் கழற்றவே கூடாது, முக்கியமாக இன்ஜெக்‌ஷன் பைக்கில்.

சிக்னல் லைட்டுக்கு இரண்டு வயர் போகும், இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று. இவற்றை வெட்டிய இடத்தில் தெரியாமல் ஒன்றாகச் சுற்றிவிட்டால், எந்தப் பக்கம் போட்டாலும் இரண்டு பக்கமும் மினுங்கும். ஏர்த் வகையின் கில் வயரைத் தொங்கவிட்டால் அது சேசிசில் படும்போதெல்லாம் எஞ்சின் நிற்கும். ரிமோட் ஸ்டார்ட் இருந்தால் செல்ஃப் றிலேக்குப் போகும் வயரை மறக்காமல் அதன் வேரிலேயே எடுங்கள். அந்த வசதி கிளச் சுவிச்சையும் நியூட்ரலையும் பார்க்காமல் செல்ஃபைச் சுழற்றும். கியரில் நிறுத்திய பைக் பாய்ந்து விழும். கழற்ற வேறு காரணம் தேவையில்லை.

வயரில் கடித்து இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் தனி வில்லங்கம். அவற்றின் தகடு செப்புக் கம்பியின் சில இழைகளை அறுத்திருக்கும், அந்த வெட்டில் உப்பு ஈரம் ஏறியிருக்கும். கிளிப்பைத் திறந்தால் பச்சைக் களிம்பு. தோலை உரித்தால் செம்பு கறுப்பாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பளபளப்பு வரும்வரை வெட்ட வேண்டும், சிலவேளை 3 செ.மீ. போகும். நீளம் காணாவிட்டால் அதே தடிப்பில் துண்டு சேருங்கள்: இக்னிஷனுக்கு 1 சதுர மி.மீ., மற்றவற்றுக்கு 0.75 போதும்.

சேர்க்கும்போது, சுருங்கும் குழாயை முதலில் வயரில் கோத்துவிடுங்கள், பிறகு கோக்க வழியில்லை. இரு முனையையும் 15 மி.மீ. உரித்து, ஒன்றையொன்று பின்னிச் சுற்றி, ஈயம் ஓடவிட்டு, உள்ளே பசையுள்ள குழாயை 40 மி.மீ. மூடிச் சுருக்குங்கள். ஈயம் முடியும் இடத்தில் கம்பி விறைத்து, அதிர்வில் அங்கேதான் முறியும். ஆகவே மூட்டின் இரு பக்கமும் பிரதான வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். வெறும் இன்சுலேசன் டேப் இங்கே நிற்காது. கச்சான் காற்றுக்கால வெயிலில் பசை இளகி, மாரி வர முதலே அவிழ்ந்துவிடும்.

கடைசியில் திறப்பை ஓன் பண்ணி, பற்றரி முனையிலும் சிடிஐக்கு வரும் பொசிட்டிவ் வயரிலும் வோல்ட் அளவுங்கள். வித்தியாசம் 0.5க்குள் இருந்தால் மூட்டு சரி. கறள் பிடித்த றிலே ஊடாக வரும்போது இது 1 வோல்ட்டுக்கு மேல் போகும். பள்ளத்தில் விழுந்தால் எஞ்சின் விக்குவது அதனால்தான்.

ஒழுங்காகக் கழற்றிய பைக்கில் அந்த விக்கல் திரும்பி வருவதில்லை. பற்றரியும் கிழமைக்கணக்கில் நின்றபின் செல்ஃப் எடுக்கும். மழைக்காலம் முடிய சிடிஐ வோல்ட்டை ஒருமுறை பார்த்தால் போதும். கம்பனியிலிருந்தே திறப்புக்குள் சிப்போடு வரும் இம்மொபிலைசர் வேறு விஷயம், அதில் கைவைக்க வேண்டாம்.

அலாரத்துக்குப் பதிலாக டிஸ்க் லொக் போடுவோர் ஹாண்டிலுக்கு இழுக்கும் சுருள் கயிற்றையும் சேர்த்து வாங்குங்கள். லொக்கை மறந்து பைக்கை எடுத்தால் காலிப்பரில் அடித்து டிஸ்க் வளையும். கடற்கரைப் பக்கம் லொக்கின் துளைக்குள் உப்பும் மணலும் ஏறும். மாதம் ஒருதரம் கிராபைட் தூள் போட்டால் திறப்பு இறுகாது, எண்ணெய் விட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும்.