பெயர் சொல்லும் செயலியா, பார்த்துப் பழகிய கண்ணா? திருகோணமலை வீட்டுச் செடிகளுக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

பெயர் தெரியாத செடியொன்று வீட்டுக்கு வந்தால், பெயர் பிழைத்தால் என்ன கெடும் என்று முதலில் யோசியுங்கள். விறாந்தையில் தொங்கும் மணி பிளான்ட்டை பிலோடென்ட்ரன் என்று நினைத்து வளர்த்தால் ஒன்றும் கெடாது. இரண்டுக்கும் ஒரே நிழல், ஒரே தண்ணீர். இசட் இசட் பிளான்ட்டைப் பன்னம் என்று எண்ணி நாள்தோறும் தண்ணீர் விட்டால் அதன் கிழங்கு மாரி முடிவதற்குள் அழுகிவிடும். வத்தாளங்கிழங்கு என்று நினைத்துக் கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கை அவித்தாலோ உயிருக்கே ஆபத்து. அழகுச் செடிக்கு ஒரு வழி, வாயில் வைக்கும் செடிக்கு இன்னொரு வழி என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

செயலிகள்: எது எதற்கு?

கூகுள் லென்ஸ் வேகமானது. எடுத்த படத்தை இணையத்திலுள்ள படங்களோடு ஒப்பிட்டு, அதுபோலத் தெரிபவற்றைக் காட்டும். நாற்றுமேடையில் விற்கும் அன்தூரியம், குரோட்டன், டைபன்பாக்கியா போன்றவற்றுக்கு அது போதும், ஏனென்றால் அவற்றின் படங்கள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. நிலாவெளிக் கடற்கரை மணலில் படரும் கொடிக்கும், கன்னியாப் பக்கத்துப் பற்றையில் நிற்கும் செடிக்கும் அதே நம்பிக்கையை வைக்கக் கூடாது. சாயலில் நெருங்கிய வேறொரு நாட்டுச் செடியைத் தயக்கமில்லாமல் காட்டிவிடும்.

காட்டுச் செடிகளுக்குப் பிளான்ட்நெட் நல்லது. பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது, இலவசம். நீங்கள் கொடுத்தது இலையா, பூவா, காயா, பட்டையா என்று பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு விடைக்கும் பொருத்தம் எத்தனை சதவீதம் என்று சொல்லும். இந்தச் சதவீதத்தைப் பலர் கவனிப்பதில்லை. முதல் விடை 80 ஐத் தாண்டி, இரண்டாவது மிகவும் கீழே நின்றால் ஓரளவு நம்பலாம். முதல் மூன்றும் 15, 12, 9 என்று நெருங்கி நின்றால் செயலிக்குத் தெரியவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட்டில் மனிதர்கள் பார்த்து உறுதிசெய்கிறார்கள். குறைந்தது இரண்டு பேர் அடையாளம் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் அந்தப் பதிவு ஆய்வுத் தரத்துக்கு உயரும். ஆனால் சாடியில் நட்டு வளர்த்த செடி என்று குறித்தால் அந்தத் தரத்துக்குப் போகாது, பார்ப்பவர்களும் குறைவு. ஆகவே முற்றத்தில் தானாக முளைத்ததற்கு இதைப் பயன்படுத்துங்கள், வாங்கி வந்ததற்கு வேண்டாம். வீட்டில் நின்று படம் எடுத்தால் இடத்தை மறைக்கும் தெரிவைப் போட மறக்க வேண்டாம்.

கட்டணம் கேட்கும் செயலிகள் படத்தைப் பார்த்து நோயும் சொல்வதாகக் கூறுகின்றன. அதற்குப் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுச் செடிகளின் தொல்லைகளில் பெரும்பாலானவை வேரில் தொடங்குகின்றன. கமராவுக்கு வேர் தெரியாது.

எந்தச் செயலியானாலும் ஒரு படம் போதாது. முழுச் செடி, இலையின் அடிப்பக்கம், இலைக்காம்பு தண்டோடு சேரும் கணு, பூ அல்லது காய் என நான்கு படங்கள் வேண்டும். காலை வெயில் ஏறுமுன், பின்னால் வெள்ளைத் தாளோ வெறும் சுவரோ இருக்கும்படி எடுங்கள். மத்தியான வெளிச்சத்தில் இலை நரம்பு வெளிறிப்போகும். ஏதாவது இரண்டு செயலிகள் ஒரே பேரினத்தை, அதாவது அறிவியற் பெயரின் ஒரே முதற்சொல்லைச் சொன்னால் அழகுச் செடிக்கு அது போதும்; பராமரிப்புப் பெரும்பாலும் பேரினத்தோடு போகிறது.

தொட்டுப் பார்ப்பது

செயலிக்குத் தொடவும் மணக்கவும் முடியாது. பால் வடிகிறதா, தண்டு சதுரமா, உள்ளே வெறுமையா, காம்பு எங்கே சேர்கிறது என்பவை படத்தில் வராத செய்திகள். சாப்பிடும் செடிகளில் இந்த அடையாளங்களுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

வல்லாரையை எடுத்துக்கொள்வோம். நீர்ச்சாடிகளில் அழகுக்காக வளர்க்கும் ஹைட்ரோகோட்டைல் படத்தில் வல்லாரையாகவே தெரியும். வல்லாரையில் காம்பு இலையின் ஓரத்திலுள்ள வெட்டில் போய்ச் சேரும். மற்றதில் குடைக்கம்பிபோல இலையின் நடுவில் சேரும். இலையைத் திருப்பிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

பொன்னாங்காணிக்கும் ஒரு போலி உண்டு. வடிகான் ஓரங்களிலும் தேங்கிய நீரிலும் மிதந்து படரும் அலிகேட்டர் களையைப் பொன்னாங்காணி என்று பறிப்பவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். பொன்னாங்காணியின் வெள்ளைப் பூங்கொத்து காம்பில்லாமல் இலைக் கக்கத்தில் ஒட்டியிருக்கும். களையின் பூங்கொத்து தனிக் காம்பில் உயர்ந்து நிற்கும். அதன் முதிர்ந்த தண்டு உள்ளே வெறுமை. பூக்காத காலத்தில் ஐயம் வந்தால் பறிக்காமல் விடுங்கள். வடிகான் ஓரத்தில் வளர்ந்த கீரை எதுவானாலும் சட்டிக்கு ஆகாது.

கார்த்திகைப்பூவில் பிழைக்கவே கூடாது. மாரியில் வேலிகளில் ஏறும் இந்தக் கொடியின் இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக மாறியிருக்கும். வத்தாளையில் அப்படி இராது. கார்த்திகைப்பூவின் கிழங்கு பெரும்பாலும் இரண்டு விரல் விரித்ததுபோல் கவராக இருக்கும். அதிலுள்ள கொல்சிசின் என்னும் நஞ்சு அவித்தாலும் அழியாது. மஞ்சள் அலரியின் விதையும் அப்படியே உயிர்கொல்லி. பூசைக்கு இரண்டு அலரிகளும் பறிக்கப்படுவதால் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்: செவ்வலரியில் இலைகள் பெரும்பாலும் கணுவுக்கு மூன்றாக வட்டமிட்டு நிற்கும், மஞ்சள் அலரியில் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சுற்றி ஏறும், கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். இரண்டுமே நஞ்சு, பறித்தபின் கை கழுவுங்கள். குழந்தை விதையைக் கடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். செடியின் ஒரு கிளையையும் கூடவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கக்டஸும் கள்ளியும் அடுத்த இரட்டை. கக்டஸின் முள் சிறு பஞ்சுப் புள்ளியிலிருந்து கொத்தாக எழும். சதுரக்கள்ளியின் முள் இரண்டிரண்டாக நிற்கும், கீறினால் உடனே பால் வழியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

ரம்பைக்கு மூக்கே போதும். ஸ்பைடர் பிளான்ட்டின் பச்சை வகையோடு படத்தில் குழம்பும். இலையைக் கசக்கினால் மணம் ரம்பைக்குத்தான் உண்டு. ஆனால் பெயர் தெரியாத எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. டைபன்பாக்கியாத் துண்டு ஒன்றே வாயையும் தொண்டையையும் வீங்க வைக்கும்.

மனிதர்களும் நூல்களும்

கீரையும் மூலிகையும் என்றால், பல மாரிகள் பறித்துச் சமைத்த அம்மம்மாமாரின் கண் எந்தச் செயலியையும் வெல்லும். அவர்கள் செடியை அது வளரும் இடத்தோடும் பருவத்தோடும் சேர்த்து அறிந்தவர்கள். சித்த வைத்தியர்களும் அப்படியே. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தின் சித்த மருத்துவக் கற்கை இருப்பது இந்த ஊருக்குப் பெரும் பேறு. ஆனால் பிரேசிலிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ வந்த அலங்காரச் செடிகளை இவர்களிடம் கேட்பது நியாயமில்லை. அங்கே செயலிதான் முந்தும். நாற்றுமேடைக்காரர் சொல்லும் பெயர் விற்பனைப் பெயர்; அதை எழுதிவைத்துக்கொண்டு செயலியில் சரிபாருங்கள்.

காட்டுச் செடியை உறுதியாக அறிய வேண்டுமென்றால், 1893 முதல் 1900 வரை வெளிவந்த, தாவரவியலாளர் ட்ரைமனின் இலங்கைத் தாவரக் கைந்நூல் தமிழ்ப் பெயர்களையும் தருகிறது. பூவைப் பிரித்துப் பார்க்கப் பொறுமை வேண்டும். பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரக் களஞ்சியம் கடைசி வழி. அதற்குப் பூவோடும் இலையோடும் கூடிய கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே பாரம் ஏற்றி, தாளை நாள்தோறும் மாற்றிக் காயவைக்க வேண்டும்.

வாடினால் தண்ணீரா, நிறுத்தமா?

ஒரே அறிகுறிக்கு இந்த ஊரில் பருவத்துக்குப் பருவம் வேறு காரணம். வைகாசியிலிருந்து புரட்டாதிவரை கச்சான் காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசியிலிருந்து தை வரை மாரி வேரை மூச்சடைக்க வைக்கும். இரண்டிலும் இலை தொய்யும்.

பிரித்தறிய விடியற்காலையில் பாருங்கள். மத்தியானம் தொய்ந்து காலையில் நிமிர்ந்து நின்றால் அது வெப்பத் தொய்வு; தண்ணீரைக் கூட்ட வேண்டாம், மேற்குப் பக்கத்திலிருந்து சாடியை நகர்த்தினால் போதும். காலையிலும் தொய்ந்திருந்தால் ஓர் ஈர்க்கை மண்ணில் 5 சென்றிமீற்றர் இறக்கி எடுங்கள். உலர்ந்து வந்தால் தாகம். மண் ஒட்டி ஈரமாக வந்தால் வேர் அழுகல்.

தாகத்துக்கு மேலே கொஞ்சம் தெளிப்பதைவிட, அடித் துளையால் வழியும்வரை ஊற்றுவது மேல். காய்ந்த தும்புத்தூள் தண்ணீரைத் தள்ளிவிடும். அப்படியானால் சாடியை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் இறக்கி வையுங்கள். அழுகலுக்குத் தண்ணீரை நிறுத்துவது மட்டும் போதாது. செடியை வெளியே எடுத்து, பிசுபிசுத்த கபில வேர்களைச் சுத்தமான கத்தியால் வெட்டி, புதுக் கலவையில், வேர்த் திரளுக்கு அளவான சாடியில் நட வேண்டும். மிஞ்சிய வேருக்குப் பெரிய சாடி கொடுத்தால் ஈரம் மீண்டும் தேங்கும்.

மண்சாடி பக்கங்களாலும் ஈரத்தை விடும். மருள் (ஸ்நேக் பிளான்ட்), இசட் இசட், கக்டஸ் ஆகியவற்றுக்கு மாரியில் அதுவே காப்பு. பன்னத்துக்குக் கச்சானில் அதுவே கேடு. அதற்குப் பிளாஸ்டிக் நல்லது. கலவையில் மண் 2 பங்கு, மக்கிய எரு 1, கழுவிய தும்புத்தூள் 1, உமிக்கரி 1 பொதுவாகப் பொருந்தும். மருள் வகைக்கு எருவைப் பாதியாக்கி, தும்புத்தூளுக்குப் பதில் பருமனான ஆற்றுமணல் சேருங்கள். கடல் மணலில் உப்பும் சிப்பித்தூளும் இருப்பதால் கழுவினாலும் வேண்டாம். அடியில் கல் போடுவதால் வடிகால் அதிகரிக்காது. ஈரம் தேங்கும் மட்டம் வேருக்குக் கிட்ட உயர்ந்துவிடும்.

கிணறு, குழாய், மழை

இலை நுனி கருகுவது உப்புவெளியிலும் சாம்பல்தீவிலும் கடலுக்குக் கிட்டிய வீடுகளில் அதிகம். கிணற்று உப்பு மண்ணில் சேர்ந்து, சாடி விளிம்பில் வெள்ளைப் பொருக்காகத் தெரியும். காய்ச்சினால் உப்பு போகாது, செறியும். வாளியில் ஒரு இரவு விட்டால் குழாய்த் தண்ணீரின் குளோரின் வெளியேறும். உப்பு அப்படியே இருக்கும். குழாய் உள்ள வீட்டில் குழாய்த் தண்ணீரையே செடிக்குக் கொடுங்கள். கிணறு மட்டும் என்றால் மாதம் ஒருமுறை சாடியின் கொள்ளளவுபோல் இரண்டு மூன்று மடங்கு தண்ணீரை, கிடைக்குமானால் மழைநீரை, மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். தட்டில் வடிந்ததை மீண்டும் குடிக்க விடக் கூடாது.

மூன்றிலும் சிறந்தது மழைநீர். முதல் மழையைக் கூரையைக் கழுவ விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பிடியுங்கள். பீப்பாவை நெருக்கமான வலையால் மூடாவிட்டால் டெங்கு நுளம்பு பெருகும். ஓக்கிட்டுக்கும் அன்தூரியத்துக்கும் அந்த நீரை ஒதுக்கி வைப்பது நல்லது.

மஞ்சளுக்கு எப்சம் உப்பா, இரும்பா?

இலை எப்படி மஞ்சளித்தாலும் எப்சம் உப்புப் போடும் வழக்கம் பரவியிருக்கிறது. அதில் இருப்பது மக்னீசியம். மக்னீசியக் குறை முதிர்ந்த இலையில், நரம்பிடையில் மஞ்சளாகத் தொடங்கும். வெட்சியிலும் செவ்வரத்தையிலும் இங்கே பெரிதும் காண்பது வேறு: தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும், சிப்பிச் சுண்ணாம்பும் வன்னீரும் ஏற்படுத்தும் காரத்தன்மையால் வேருக்குக் கிடைப்பதில்லை. ஆணியைப் புதைப்பதால் பயனில்லை. கொடுக்கிணைப்பு (கீலேட்டட்) இரும்பை லேபிளிலுள்ள அளவில் மாலையில் இலையில் தெளியுங்கள். மண்ணுக்கு மக்கிய எரு சேருங்கள். புதுத் தளிர் பச்சையாக வருவதே குணத்துக்கு அடையாளம்; பழைய இலை முழுதாக மாறாது. முதிர்ந்த இலை முழுதும் வெளிறினால் முதலில் ஈர்க்குச் சோதனை, பிறகு எரு.

வெண்மூட்டுப்பூச்சி: மூன்று மருந்து

பஞ்சுபோல் வெள்ளையாக ஒட்டியிருக்கும் இந்தப் பூச்சிகள் பத்துப் பன்னிரண்டு என்றால் ஃபார்மசியில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தொட்டெடுப்பதே விரைவு. பன்னத்தில் ஸ்பிரிட் வேண்டாம், இலை கருகும். பரவிவிட்டால் ஒரு லீற்றர் நீரில் 5 மில்லிலீற்றர் திரவச் சவர்க்காரம் கலந்து, பூச்சி நனைய அடியுங்கள். படாத பூச்சி சாகாது. வேப்பெண்ணெய் மெதுவாக வேலை செய்யும், ஆனால் பூச்சியின் உணவையும் வளர்ச்சியையும் தடுக்கும்: லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் எண்ணெய், கரைய 2 மில்லிலீற்றர் சவர்க்காரம். கச்சான் வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும். மாலையில், ஒரு இலையில் சோதித்த பிறகு அடியுங்கள். மாரியில் மழை கழுவிவிடுவதால் கூரைக்குக் கீழ் கொண்டுபோய் அடிக்க வேண்டும்.

எதுவானாலும் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை. முட்டைக்கு மருந்து ஏறாது. சாடிக்கு எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல்காத்து, பக்கத்துச் செடிக்கும் காவிச் செல்லும். சாடி நிற்கும் தாங்கியின் கால்களைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் ஒரு துளி விட்டால் எறும்பு கடக்காது.

கச்சானில் இலை மங்கி, மேலே நுண்புள்ளி விழுந்தால் வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் சிற்றுண்ணி. அதற்குப் பூச்சிகொல்லி வாங்குமுன், நான்கு நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைக் குழாயால் பலமாகக் கழுவிப் பாருங்கள். புதிதாக வாங்கிய செடியை இரண்டு கிழமை மற்றவற்றிலிருந்து விலக்கி வைத்தால் இந்தப் பூச்சிகளில் பெரும்பாலானவை விறாந்தைக்கே வராது.