போர்ட்டபிள் ஏசி: பெட்டியில் ஒரு டன், அறையில் எவ்வளவு?

ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) சூட்டை அகற்றும் திறன். ஸ்ப்ளிட் ஏசியில் ஏறக்குறைய அவ்வளவும் அறைக்குக் கிடைக்கும். ஒற்றைக் குழாய் போர்ட்டபிளில் கிடைக்காது. கம்ப்ரஸர், சூடாகும் காயில் எல்லாமே அறைக்குள். அந்தக் காயிலைக் குளிர்விக்க அறைக் காற்றையே இழுத்து, சூடாக்கி, குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. போன காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கில் வெளிக்காற்று புகும். மெஷின் ஓடும்போது கதவடியில் டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பாருங்கள், உள்பக்கம் சாயும். பாத்ரூம் ஒட்டிய அறை என்றால் வாடையும் இலவசம்.

இந்த இழப்பைக் கழித்துச் சொல்லும் எஸ்.ஏ.சி.சி. என்ற அளவீடு அமெரிக்காவில் உண்டு. அதன்படி 14,000 பி.டி.யு. மெஷின்கள் பலவும் 8,000 முதல் 10,000-க்குள் வந்து நிற்கின்றன. நம்மூர்ப் பெட்டிகளில் பெரும்பாலும் வெறும் டன் கணக்குதான். அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு அறையை அளப்பது நல்லது.

அப்படிப் பார்த்தால் ஒரு டன் போர்ட்டபிள், இருவர் படுக்கும், வெயில் நேரே அடிக்காத 80 முதல் 100 சதுர அடி அறைக்குச் சரி. 10-க்கு 12 அறையில் இரவில் சமாளிக்கும், மதியம் திணறும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறைக்கு வாங்கவே வேண்டாம். ஒன்றரை டன்னுக்குத் தாவுமுன் இரட்டைக் குழாய் மாடல் கிடைக்கிறதா என்று கேளுங்கள். அது சூட்டை வெளியேற்றும் காற்றை வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். குழாயே இல்லாமல் 'போர்ட்டபிள் ஏசி' என்று ஆன்லைனில் விற்பது வெறும் ஏர் கூலர்.

அடுத்த தலைவலி ஜன்னல். உடன் வரும் பட்டை ஸ்லைடிங் ஜன்னலுக்கானது. கம்பி போட்ட, கதவு திறக்கும் ஜன்னலுக்கு அக்ரிலிக் ஷீட்டில் குழாய் அளவுக்கு வட்டம் வெட்டிப் பொருத்தி, இடுக்குகளை ஃபோம் டேப்பால் அடைக்க வேண்டும். குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. கூடுதல் குழாய் சேர்த்து நீட்டினால் சூடு வெளியேறத் திணறி, கம்ப்ரஸர் அடிக்கடி நின்றுபோகும்.

16 ஆம்பியர் பிளக் பாயின்ட் அவசியம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. மெஷினுக்குள் சேரும் தண்ணீரைத் தானே ஆவியாக்கும் மாடல்கூடச் சென்னைப் புழுக்கத்தில் தோற்கும். தட்டு நிரம்பினால் மெஷின் நின்றுவிடும். அடியிலுள்ள வடிகால் மூடியைத் திறந்து, சரிவாக ஒரு டியூப் விட்டுவிடுங்கள்.