ஒரு உறையா, இரண்டு உறையா? மலைக் குடிநீர் டெண்டர்

அரசுப் பணத்தில் நடக்கும் குடிநீர் வேலைகளுக்குத் தமிழ்நாட்டில் 1998 ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் பொருந்தும். ஒற்றை உறை முறையில் ஒப்பந்ததாரர் தன் தகுதிச் சான்றுகளையும் கேட்கும் விலையையும் ஒரே உறையில் தருவார்; இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கப்படும். வேலை சீக்கிரம் தொடங்கும். சமதளத் தெருக்குழாய்க்கு அது போதும்.

கோத்தகிரிச் சரிவுக்கு நான் இரண்டு உறையைத்தான் கேட்பேன். 100 மீட்டர் இறக்கத்தில் தண்ணீர் நின்றாலே அடியில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ அழுத்தம். 6 கிலோ அழுத்தத்துக்கான குழாய் வெடிக்கக்கூடும். எங்கள் தெருவில் அப்படி வெடித்து, நான்கு நாள் ஊற்றுத் தண்ணீர் சுமந்தோம். இரண்டு உறை முறையில் தகுதி ஓர் உறையிலும் விலை இன்னொன்றிலும் இருக்கும்; முதலில் தகுதி இருக்கும் தொழில்நுட்ப உறையை மட்டும் திறப்பார்கள். மலை அனுபவம், குழாய்த் தரம் பார்த்துத் தேறியவர்களின் விலை உறையைத்தான் அப்புறம் திறப்பார்கள். நாள் கூடும், சரி. தகுதி நிபந்தனையை ஒருவருக்காகவே வளைத்து எழுதவும் இடமுண்டு; அதை டெண்டர் போடுவதற்கு முந்தைய விளக்கக் கூட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும்.