நூற்பட்டியல்: காலவாரியா, துறைவாரியா?

அறிவியல் வரலாற்று நூற்பட்டியலைக் காலவாரியாகப் பிரிப்பதே என் விருப்பம். ஒரே தலைமுறையில் வானியலும் மருத்துவமும் கணிதமும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பது அதில்தான் புலப்படும். அறிவியல் வரலாற்றாசிரியர் ஜார்ஜ் சார்ட்டன் காலத்தை அரை நூற்றாண்டுத் துண்டுகளாக வகுத்து, 9ஆம் நூற்றாண்டின் முற்பாதிக்குக் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயரையே சூட்டினார். அழகான ஏற்பாடு!

சிக்கல் எல்லைகளில்தான். ஐரோப்பாவின் ‘இடைக்காலம்’ சீனாவுக்குப் பொருந்தாது. 2000 ஆண்டுகளாகப் படிக்கப்பட்ட கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் பற்றிய ஆய்வு எந்தக் காலத்தில் சேரும்?

துறைவாரிப் பட்டியலில் தேடுவது சுலபம். ஆனால் நியூட்டனின் ரசவாதக் குறிப்புகள் அவருடைய இயற்பியலைவிட்டு விலகிப்போகும். அது பெரிய இழப்பு.

1800க்கு முன் காலவாரி, பின்பு துறைவாரி என்பேன். தலைப்புகளில் சகாப்தப் பெயர்கள் வேண்டாம், நூற்றாண்டு எண்களே போதும். பல நூற்றாண்டுகளைத் தழுவிய ஆய்வுகளுக்குத் தனிப்பிரிவு கட்டாயம் வேண்டும்.