ஊஃபரை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை ஓம் பார்த்துவிடுங்கள்

மதுரையில் கார் டிக்கியில் சப்ஊஃபர் (பேஸ் மட்டும் அடிக்கும் பெரிய ஸ்பீக்கர்) மாட்டியிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். எனக்கு 3,500 ரூபாய் போய்விட்டது. இன்னொரு 14,000 போயிருக்கும், கடைசி நேரத்தில் ஒருவர் தடுத்தார். கடைப் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

தேனியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறோம். வண்டி நிறைய மச்சான்மார்கள், பாட்டுச் சத்தம் நன்றாகவே வைத்திருந்தோம். ஆண்டிபட்டி கணவாய் தாண்டும்போது பேஸ் லேசாகக் கரகரத்தது, உசிலம்பட்டிக்குள் நுழையும்போது டிக்கிப் பக்கமிருந்து மோட்டார் காயில் கருகினால் வருமே அந்த வாடை, அடுத்த பாட்டில் கதவு ஸ்பீக்கர் மட்டும்தான் பாடியது. என்னுடைய ஊஃபர் 12 இஞ்ச், 4 ஓம் (ஓம் என்பது மின்தடை அளவு), சிங்கிள் காயில் (உள்ளே கோனை ஆட்டும் கம்பிச் சுருள் ஒன்றுதான்), 2019-இல் 8,500 ரூபாய்க்கு வாங்கியது. இரண்டு சேனல் ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபயர்) பிரிட்ஜ் போட்டு, அதாவது இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து, அதில் ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்த பிரிட்ஜ் விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

மறுநாள் பைபாஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். அந்தப் பையன் பெட்டியிலிருந்து ஊஃபரைக் கழற்றினான், கோனை (முன்னால் தெரியும் கூம்பு) இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தான், அவ்வளவுதான். மீட்டரை எடுக்கவே இல்லை. "காயில் கருகிருச்சுண்ணே, ஒரிஜினல் பார்ட்ஸ் கிட் இருக்கு, கோன், காயில், ஸ்பைடர் எல்லாம் புதுசு போட்டுத் தந்துருவோம், புதுசு மாதிரி அடிக்கும்" என்றான். ஸ்பைடர் என்பது காயிலை நடுவில் பிடித்து நிறுத்தும் மடிப்பு வளையம். 3,500 ரூபாய். பில் கேட்டேன், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். நான்கு நாள் என்றது பதினாறு நாள் ஆனது. வாங்கப் போன அன்று பழைய காயிலைக் கேட்டேன். "அதெல்லாம் குப்பையில போயிருச்சுண்ணே" என்றான். அந்த இடத்திலேயே நான் விடாமல் நின்றிருக்க வேண்டும்.

மாட்டியதும் அடித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இருபது நிமிஷம் ஓடினால் ஆம்ப்பில் சிவப்பு லைட் எரிந்து பேஸ் நின்றுவிடும். ஆறவிட்டால் மறுபடி வரும். மூன்று வாரத்தில் கரகரப்பும் சேர்ந்துகொண்டது. திரும்பக் கொண்டு போனால், இந்தத் தடவை முதலாளியே வந்தார். "உங்க ஆம்ப் போச்சு சார், அதுதான் ஊஃபரையும் சேர்த்துக் கெடுக்குது. ரெண்டையும் மாத்திருங்க, செட்டா 14,000-க்குப் போட்டுத் தர்றேன், பழசை 500 ரூபாய்க்கு நானே எடுத்துக்கறேன்." முன்பணம் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை செக்கானூரணியில் மாமா வீட்டுக்குப் போனபோது இதைச் சொன்னதும் அவர் "காசைக் கொடுக்காத மாப்ள, முதல்ல நம்ம ரேடியோ செட்டுக்காரர்ட்ட காட்டு" என்று கூட்டிக்கொண்டு போனார்.

நம் பக்கம் திருவிழா, காதுகுத்து, வசந்த விழா என்று ரேடியோ செட் கட்டுகிறவர்களைத் தெரியும்தானே. சீசனுக்குச் சீசன் அவர்களிடம் ஊஃபர் கருகிக்கொண்டேதான் இருக்கும், காயில் சுற்றுவதும் கோன் ஒட்டுவதும் அவர்களுக்குக் கைப்பழக்கம். அந்தப் பெரியவர் முதலில் எதையும் பிரிக்கவில்லை. மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஊஃபரின் இரண்டு முனையிலும் வைத்தார். 1.7. "இது 4 ஓம் ஊஃபர்னுதானே தம்பி சொன்ன?" என்றார். 4 ஓம் ஊஃபரில் மீட்டர் சுமாராக 3.2-இலிருந்து 3.8 வரை காட்டும். சுத்தமாக அறுந்திருந்தால் எண்ணே வராது, மீட்டர் முனை எதையும் தொடாதபோது காட்டுகிற அதே நிலையில் நிற்கும். 1.7 என்றால் உள்ளே போட்டிருப்பது 2 ஓம் காயில். இரண்டு சேனல் ஆம்ப்பை பிரிட்ஜ் போட்டால் பெரும்பாலானவை 4 ஓமுக்குக் கீழே தாங்காது. கரண்ட் கூடுதலாக இழுக்கும், சூடேறும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். அந்தச் சிவப்பு லைட் அதுதான். ஆம்ப்பில் ஒரு குறையும் இல்லை. சந்தேகமே வேண்டாம் என்று காரிலிருந்து ஒயர் இழுத்து அவருடைய 4 ஓம் பெட்டி ஒன்றில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் காட்டினார், ஒருமுறைகூட நிற்கவில்லை. இந்த ஆம்ப்பைத்தான் போச்சு என்று சொல்லி 500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள்.

அப்புறம் பிளேடை வைத்து நடுவில் இருக்கும் மூடியைச் சுற்றி அறுத்தார். எனக்கு வயிறு எரிந்தது அப்போதுதான். மூடியை ஒட்டியிருந்தது செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் பசை. சூட்டில் இளகி நூல் நூலாக வந்தது. ஸ்பைடர் மாற்றவே இல்லை, பழையதுதான், பழுப்பேறி ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது. காயில் கோணலாக உட்கார்ந்து காந்த இடுக்கில் ஒரு பக்கமாக உரசி, அந்தப் பக்கம் மட்டும் மேல்பூச்சு போய்ச் செம்பு பளபளவென்று பிறை மாதிரி தெரிந்தது. காயிலை ஒட்டும்போது சுற்றிலும் ஒரே இடைவெளி இருக்கும்படி ஃபிலிம் துண்டுகளைச் செருகி, பசை நன்றாகக் காயும்வரை விட்டு, அதற்குப் பிறகுதான் துண்டுகளை உருவவேண்டுமாம். "அதைச் செய்யலை, அவசரத்துல ஒட்டியிருக்காங்க" என்றார். பதினாறு நாள் வைத்திருந்து அவசரம்!

நீங்கள் ரிப்பேரா புதுசா என்று முடிவு செய்ய வேண்டிய இடத்தில் நின்றால், அந்த முடிவைக் கடைக்காரரிடம் விடாதீர்கள், அவர் தன்னிடம் விற்க எது இருக்கிறதோ அதைத்தான் சொல்வார். முதலில் ஃபியூஸ், ஒயர், ஆம்ப் மூன்றையும் பாருங்கள். நல்ல வேறொரு ஸ்பீக்கரை அதே ஒயரில் கொடுத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஊஃபரைக் கழற்றி, கோனைச் சுற்றிலும் சமமாக விரல் வைத்து மெதுவாக அமுக்குங்கள். மணல் உரசுவது போல் கேட்டால் காயில் உப்பியிருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது. ஓம் பாருங்கள். எண் வரவில்லை என்றால் உடனே காயில் போச்சு என்று நினைக்க வேண்டாம், முனையிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் அறுந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும், அது சின்னப் பற்றவைப்பு வேலை. ஓரத்து ரப்பரோ ஃபோமோ மட்டும் கிழிந்திருந்தாலும் அதை மட்டும் மாற்றலாம், செலவு குறைவு.

காயிலே கருகியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். விலை உயர்ந்த ஊஃபர், அதே மாடலுக்குக் கம்பெனி கிட் கிடைக்கிறது, ஒட்டத் தெரிந்த கை இருக்கிறது என்றால் ரிப்பேர் செய்யுங்கள், காந்தமும் சட்டமும் சாதாரணமாகக் கெடாது. என்னுடையது போல நடுத்தர விலைச் சரக்கு என்றால் புதுசு வாங்குவதே சரி. அந்தப் பெரியவரே காயில் சுற்றித் தரலாம்தான், ஆனால் அவரே வேண்டாம் என்றார். கோனின் எடை, ஸ்பைடரின் இறுக்கம் மாறினால் ஊஃபரின் குணமே மாறிவிடும், அந்தப் பெட்டி அளவுக்குப் பழையபடி பேஸ் வராது என்று சொல்லி, பார்த்ததற்கு நூறு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார்.

முதல் தடவை ஏன் கருகியது என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். ஆம்ப்பில் கெயினை (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்கிற திருகு) முழுக்கத் திருப்பி வைத்திருந்தேன், பேஸ் பூஸ்ட் வேறு. அப்படி வைத்தால் ஆம்ப் தன் சக்திக்கு மேல் முக்கும், அலையின் உச்சி வெட்டுப்பட்டுப் போகும், அந்தக் கூடுதல் பவர் எல்லாம் காயிலில் சூடாகத்தான் இறங்கும். ஊஃபர் அட்டையில் கொட்டை எழுத்தில் 1,200 வாட் என்று இருந்தது, ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்கும் பவர், 300 தான். இதைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால் அதுவும் கருகும். இப்போது கார் ஸ்டீரியோவில் சவுண்டை முக்கால்வாசி வைத்து, பூஸ்ட்டை நிறுத்தி, கரகரப்பு தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே கெயினை வைத்திருக்கிறேன்.

ரிப்பேருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், கொடுக்கும்போதே மீட்டர் வைத்து அவர்கள் கண் முன்னால் போட்டோ எடுங்கள். சீட்டில் எத்தனை ஓம் காயில், எந்தெந்தப் பாகம் புதுசு என்று எழுதி வாங்குங்கள். பழைய காயில் என் கைக்கு வரவேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். திரும்ப வாங்கும்போது மறுபடி மீட்டர். பணத்தை ஜிபேயில் கொடுங்கள், பில் தராத கடையிடம் அதுதான் சாட்சி.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் பதிவு செய்தேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், 5 லட்சம் வரை வழக்குக் கட்டணம் கிடையாது. கடையிலிருந்து ஒருமுறை போன் வந்தது. 1,500 திருப்பித் தருவதாகவும் புகாரை எடுத்துவிடும்படியும் சொன்னார்கள். 3,500-ம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அறுத்த மூடி, அந்தக் கோணல் காயில், 1.7 காட்டும் போட்டோ, துண்டுச் சீட்டு நான்கும் ஒரு கவரில் பத்திரமாக இருக்கிறது.