ஒரே இறால், நான்கு வாசல்: ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனா

வேதாரண்யம் பக்கத்துக் குளம் ஒன்றில் அறுவடை முடிந்து, ஐஸ் போட்ட கிரேட்டுகளில் வனாமி இறால் ஆலை வாசலுக்கு வந்துவிட்டது. இனிமேல்தான் எந்த நாட்டுக்குப் பேக் செய்வது என்று ஏற்றுமதியாளர் யோசிக்கிறார் என்றால், அவர் கையைவிட்டு ஐரோப்பா ஏற்கெனவே போயிருக்கும். இறால் தண்ணீரில் இருக்கும்போதே எம்பீடா (கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்) ஆய்வகத்தில் மாதிரி கொடுத்து, அறுவடைக்கு முந்தைய பரிசோதனைச் சான்று வாங்கியிருக்க வேண்டும். பின்னால் வாங்கிச் சேர்க்கிற காகிதம் அல்ல அது.

நான்கு பெரிய சந்தைகளும் கேட்பது சுத்தமான சரக்குதான். பிடிக்கிற இடம் மட்டும் வேறு. ஐரோப்பா குளத்திலும் படகிலும் கை வைக்கிறது. அமெரிக்கா ஆலையின் பதிவேட்டையும் இறக்குமதியாளரையும் பிடிக்கிறது. ஜப்பான் ஆய்வக முடிவைப் பார்க்கிறது. சீனா பதிவு எண்ணையும் பெட்டி மேலுள்ள எழுத்தையும் பார்க்கிறது. விலைப்பட்டியலை ஒப்பிடுவதற்கு முன் இதை ஒப்பிட வேண்டும்.

அடிப்படைத் தேவைகள் எல்லாச் சந்தைக்கும் பொது. டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம்) தரும் ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீடு, எம்பீடா பதிவு, ஏற்றுமதி ஆய்வு முகமை (இ.ஐ.ஏ.) ஒப்புதல் பெற்ற ஆலை, பண்ணை இறால் என்றால் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பண்ணைப் பதிவு. சொந்த ஆலை இல்லாத வணிக ஏற்றுமதியாளர், ஒப்புதல் பெற்ற ஆலையோடு ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும். வழி பிரிவது இதற்குப் பிறகுதான்.

| | ஐரோப்பா | அமெரிக்கா | ஜப்பான் | சீனா |
|---|---|---|---|---|
| அரசின் நலச்சான்று (சரக்கு உண்ணத் தகுந்தது என்ற சான்று) | கட்டாயம் | தேவையில்லை | பெரும்பாலானவற்றுக்குத் தேவையில்லை | கட்டாயம் |
| ஆலைப் பதிவு | இந்திய அரசு பரிந்துரைத்து ஐரோப்பியப் பட்டியலில் ஏற வேண்டும் | ஆலையே எஃப்டிஏவில் (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) பதிகிறது | இறாலுக்குத் தனிப் பட்டியல் இல்லை | இந்திய அரசு பரிந்துரைத்துச் சீனச் சுங்கத்தில் பதிவு |
| அடிக்கடி சிக்குவது | ஆன்டிபயாடிக், காட்மியம் | சால்மோனெல்லா, கெட்ட வாடை, மருந்து எச்சம் | மருந்து எச்சம் | வைரஸ், லேபிள் |

ஐரோப்பா: காகிதம் கடலிலேயே தொடங்குகிறது

பண்ணை இறாலில் ஐரோப்பாவின் குறி குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் என்ற இரண்டு மருந்து வகைகள் மேல். 2022 நவம்பர் 28 முதல் குளோராம்பெனிகாலுக்கு நடவடிக்கை வரம்பு 0.15 பிபிபி, நைட்ரோஃபியூரான் உடலில் சிதைந்து மிஞ்சும் வளர்சிதைப் பொருள் ஒவ்வொன்றுக்கும் 0.5 பிபிபி. ஒரு பிபிபி என்றால் ஆயிரம் கிலோ இறாலில் ஒரு மில்லிகிராம். இந்த அளவுக்குக் குளத்தில் மருந்து கொட்ட வேண்டும் என்றுகூட இல்லை. உரிக்கும் மேசையில் விரல் கிழிந்த தொழிலாளி பூசிக்கொண்ட, நைட்ரோஃபியூரான் வகையைச் சேர்ந்த நைட்ரோஃபியூரசோன் களிம்பு, குளோராம்பெனிகால் கலந்த கண் மருந்து ஆகியவையே போதும். தீவன ஆவணங்களை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்க்காத ஆலைகள் உண்டு. இன்னொன்று: நைட்ரோஃபியூரசோனின் வளர்சிதைப் பொருளான செமிகார்பசைடு இறால் ஓட்டில் இயற்கையாகவே இருக்கக்கூடும். அதனால் மாதிரியை ஓடு நீக்கிய சதையில்தான் எடுக்கச் சொல்ல வேண்டும். ஓட்டோடு அரைத்த மாதிரியால் நல்ல லாட்டும் (சரக்குத் தொகுதி) தோற்கும்.

2016-ல் இந்தியப் பண்ணைச் சரக்கில் எல்லையில் மாதிரி எடுக்கும் விகிதத்தை 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக ஐரோப்பா உயர்த்தியது. இரண்டுக்கு ஒரு கன்டெய்னர் என்றால் சோதனைச் செலவும், முடிவு வரும்வரை துறைமுக வாடகையும் அபூர்வச் செலவு இல்லை. விலை பேசும்போதே அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடல் சரக்குக்கு வேறு கதை. 2010 ஜனவரி 1 முதல் பிடிப்புச் சான்று இல்லாமல் கடல் மீன் உள்ளே போகாது. இந்தியாவில் இதைத் தருவது எம்பீடா. படகுப் பதிவு எண், பிடித்த நாள், இனம், எடை, கடல் பகுதி எல்லாம் வேண்டும். வங்காள விரிகுடா என்றால் எஃப்ஏஓ (ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு) பகுதி 57, அரபிக்கடல் என்றால் 51. கப்பல் வழியாகப் போகும் சரக்குக்கு, வருகைக்கு மூன்று வேலைநாள் முன்பே இறக்குமதியாளர் சான்றைச் சமர்ப்பிக்க வேண்டும். பண்ணை இறாலுக்கு இந்தச் சான்று வேண்டாம்.

சிக்கல் வருவது ஏலக்கூடத்தில். இருபது படகுகளின் கணவாய் ஒரே குவியலாகிவிட்டால், பிறகு எந்தப் படகு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. தரகரிடம் வாங்கும்போதே படகு வாரியாகச் சீட்டு வாங்கிவிட வேண்டும். மாலையில் ஆலைக் கணக்குப்பிள்ளை "சரிக்கட்டி" எழுதுகிற பட்டியல் பெரும்பாலும் எடையில் மாட்டும்: படகு அன்றைக்குக் கொண்டுவந்ததை விடச் சான்றில் அதிகம் இருக்கும்.

நலச்சான்றில் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு பழக்கம். கன்டெய்னர் எண், சீல் எண், நிகர எடை, பெட்டி எண்ணிக்கை நான்கும் பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு) இரண்டோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். சரக்கு கிளம்பும் முன் சான்று கையெழுத்தாக வேண்டும். சுங்கம் சீலை உடைத்து வேறு சீல் போட்டதைச் சொல்லாமல் விட்டால், சரக்கு குற்றமற்றதாக இருந்தும் ஐரோப்பிய எல்லைச் சாவடியில் நிற்கும்.

கணவாய் மேசையில் நடப்பது

தூத்துக்குடி ஆலைகளுக்கு ஐரோப்பாவில் காட்மியம்தான் பெரிய தலைவலி. உள்ளுறுப்பு நீக்கிய கணவாயில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை அனுமதி. சதையில் இயல்பாக இருப்பது பெரும்பாலும் இதற்குக் கீழே. காட்மியம் குவிந்திருப்பது ஈரலில். ஓட்டுக் கணவாயின் ஓட்டை உருவும்போது கத்தி சற்று ஆழமாக இறங்கினால் ஈரல் பை கிழிந்து, பழுப்புச் சாறு சதையின் உள்பக்கம் வழியும். உடனே ஓடும் நீரில் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். அதே தொட்டியில் ஐம்பது கிலோவையும் ஊறவைத்தால் ஒன்றின் சாறு எல்லாவற்றிலும் ஏறும். ஐஸ் குறைவாக இருந்து கணவாய் தளர்ந்துபோனால் பை தானாகவே வெடிக்கும். ஆக இது ஆய்வகப் பிரச்சினை போலத் தெரிந்தாலும் ஐஸும் கத்தியும் தொட்டித் தண்ணீரும் சேர்ந்த பிரச்சினை. முழுக் கணவாயாக, குடலோடு உறைய வைத்து அனுப்பும் ஆர்டருக்குக் கூடுதல் சோதனை செய்யாமல் கை நீட்டக் கூடாது.

அமெரிக்கா: உள்ளே போவது எளிது, தங்குவது கடினம்

முதல் பார்வைக்கு அமெரிக்காதான் இலகு. அரசு நலச்சான்று கேட்பதில்லை. எஃப்டிஏவில் ஆலைப் பதிவு (இரட்டைப்படை ஆண்டுகளில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் புதுப்பிக்க வேண்டும்), அங்கே ஒரு முகவர், கடல்வழிச் சரக்குக்கு வருகைக்கு 8 மணி நேரம் முன்பாவது முன்னறிவிப்பு. 1997 டிசம்பரிலிருந்து கடல் உணவுக்கு ஹாசப் (ஆபத்து எங்கே வரும் என்று முன்பே கண்டு கட்டுப்படுத்தும் முறை) கட்டாயம். ஆலையின் ஹாசப் திட்டத்தையும் லாட் வாரிப் பதிவேட்டையும் இறக்குமதியாளர் சரிபார்த்திருக்க வேண்டும்.

ஆனால் பச்சை இறாலில் சால்மோனெல்லா கண்டாலே எஃப்டிஏ திருப்பிவிடும். ஐரோப்பாவில் சால்மோனெல்லா அளவுகோல் வேகவைத்த ஓட்டுமீனுக்கும் சிப்பி வகைக்கும்தான். சமைத்துத் தின்னும் பச்சை இறாலுக்கு அதில் இடமில்லை. இரண்டு சந்தைக்கும் ஒரே லைனில் ஓட்டும் ஆலை, ஐரோப்பியக் கணக்கை மனதில் வைத்துக் கழுவும் நீரின் குளோரினைக் குறைத்தால் அமெரிக்கப் பெட்டி மாட்டும்.

ஒருமுறை மாட்டினால் ஆலையின் பெயர் இறக்குமதி எச்சரிக்கைப் பட்டியலில் ஏறுகிறது. சால்மோனெல்லாவுக்கு 16-81, அனுமதியற்ற பண்ணை மருந்துக்கு 16-124. அதன்பின் ஒவ்வொரு கன்டெய்னரும் பார்க்காமலே தடுத்து வைக்கப்படும். சுத்தம் என்று நிரூபிப்பது உங்கள் செலவு. பட்டியலிலிருந்து இறங்கக் குறைந்தது ஐந்து சரக்குகள் தொடர்ந்து தேற வேண்டும். நிராகரித்த சரக்கை 90 நாளுக்குள் வெளியேற்றவோ அழிக்கவோ வேண்டும்.

இறாலுக்கு டிஎஸ்-2031 என்ற உறுதிமொழிப் படிவம் தனி. ஆமை தப்பும் கருவி பொருத்தாத இழுவலையில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்காது. 2019 முதல் இந்தியக் கடல் இறாலுக்கு அந்தக் கதவு சாத்தியே இருந்தது. எனவே படிவத்தில் பண்ணை இறால் என்ற கட்டம்தான் நமக்கு. கடல் வெள்ளை இறால் ஐரோப்பாவுக்கோ ஜப்பானுக்கோ சீனாவுக்கோ போகட்டும். 2018 டிசம்பர் 31 முதல் இறாலுக்குப் பண்ணையிலிருந்து துறைமுகம் வரையான தடம் காட்டும் சிம்ப் (அமெரிக்காவின் கடல் உணவு இறக்குமதிக் கண்காணிப்புத் திட்டம்) விவரமும் வேண்டும்.

வரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2005 முதல் குவிப்பு-எதிர்ப்பு வரி (மலிவாகக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி), 2024 இறுதியில் மானிய-எதிர்ப்பு வரி, 2025 ஆகஸ்ட் இறுதியில் 50 சதவீதத்தைத் தொட்ட கூடுதல் வரி. மற்றதை விடுங்கள், குவிப்பு-எதிர்ப்பு வரி பின்னோக்கிக் கணக்கிடப்படுகிறது. இன்று கட்டுவது வைப்புத்தொகை. உண்மையான வரி ஆண்டு மறுஆய்வுக்குப் பிறகே தெரியும். வரி உள்பட விலை பேசி, தானே இறக்குமதியாளர் பெயரில் நிற்கும் ஏற்றுமதியாளர் விற்று முடித்த சரக்குக்கு மறுபடி பணம் கட்ட நேரலாம்.

ஜப்பான்: காகிதம் குறைவு, ஆய்வகம் கறார்

2006 மே 29 முதல் ஜப்பானில், தனி வரம்பு சொல்லப்படாத எந்த மருந்துக்கும் பூச்சிக்கொல்லிக்கும் 0.01 பிபிஎம் (ஒரு பிபிஎம் என்றால் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்) பொது வரம்பு. தீவனம் கெடாமலிருக்கச் சேர்க்கும் எத்தாக்சிகுவின் 2012-ல் இந்திய இறாலை இப்படித்தான் கவிழ்த்தது. யாரும் குளத்தில் எதுவும் தப்பாகப் போடவில்லை. தீவன மூட்டையில் இருந்தது. 2014-ல் அந்த ஒரு பொருளுக்கு வரம்பு 0.2 பிபிஎம் ஆனது. அப்போதிருந்து தீவனக் கம்பெனியின் கலவை உறுதிச்சான்றை லாட் வாரியாக வாங்குவது ஜப்பான் ஆர்டருக்கு அடிப்படை.

ஒரு தவறு கண்டுபிடித்தால் கண்காணிப்புச் சோதனை சரக்குகளில் 30 சதவீதமாகும். தொடர்ந்தால் ஆணைச் சோதனை: எல்லாச் சரக்கும், இறக்குமதியாளர் செலவில், முடிவு வரும்வரை கிடங்கில். உங்கள் ஆலை குற்றமற்றதாக இருந்தாலும் பக்கத்து ஆலையின் பாவத்தைச் சேர்ந்து சுமப்பீர்கள். கணவாய், கானாங்கெளுத்தி, மத்தி வகைகளுக்கு 2022 டிசம்பர் முதல் பிடிப்புச் சான்றும் உண்டு.

சீனா: எண் இல்லையென்றால் சரக்கு இல்லை

2022 ஜனவரி 1 முதல் வெளிநாட்டு ஆலை, தன் நாட்டு அரசின் பரிந்துரையோடு சீனச் சுங்கத்தில் பதிவாக வேண்டும். அந்த எண் உள் உறையிலும் வெளிப் பெட்டியிலும் அச்சாக வேண்டும். சீன மொழியோடு ஆங்கிலம். பெயர், அறிவியல் பெயர், உற்பத்தி நாள், லாட் எண், சேமிப்பு நிலை, பண்ணையா கடலா, எந்தப் பகுதி, சேருமிடம் சீன மக்கள் குடியரசு என்ற வரி. ஏற்கெனவே அச்சடித்த பொதுப் பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளிப்பது ஆபத்து; உறைநிலையில் பசை விட்டுப்போகும்.

இன்னொரு பொறி வெள்ளைப்புள்ளி வைரஸ். மனிதனுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் சீனா தன் குளங்களுக்காகப் பயந்து சோதிக்கிறது. நோய் கண்ட குளத்தை அவசரமாக அறுவடை செய்வது நம் வழக்கம். உறைய வைத்தால் வைரஸ் சாகாது. அந்த லாட்டின் அறுவடைச் சீட்டில் "அவசரம்" என்று எழுதி, சீனப் பெட்டிக்குப் போகாமல் பிரித்து வைக்க வேண்டும்.

சூரை, கானாங்கெளுத்தி அனுப்புவோர்

மீன் கெடும்போது உருவாகும் நச்சுப்பொருளான ஹிஸ்டமினுக்கு ஐரோப்பா 9 மாதிரி எடுக்கிறது: சராசரி 100 பிபிஎம்முக்குள், இரண்டு மட்டும் 100–200-க்கு இடையில் இருக்கலாம், 200-ஐ ஒன்றுகூடத் தாண்டக் கூடாது. அமெரிக்கா தன் 50 பிபிஎம் வரம்பை 35 ஆகக் குறைக்கும் வரைவை 2021 டிசம்பரில் வெளியிட்டது. ஹிஸ்டமின் ஒருமுறை உருவானால் உறைய வைத்தாலும் வேகவைத்தாலும் போகாது. நீர் 28.3 டிகிரிக்கு மேல் என்றால் மீன் செத்த 6 மணி நேரத்துக்குள் ஐஸில் இருக்க வேண்டும் என்பது எஃப்டிஏ வழிகாட்டல். நம் கடலில் செவுள் வலையில் இரவு சிக்கி விடியும்வரை தொங்கிய சூரை இந்தக் கணக்கில் கரைக்கு வரும் முன்பே தோற்றிருக்கலாம். தூண்டிலில் பிடித்த சூரைக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் இல்லை.

கவுண்ட் கணக்கு

கவுண்ட் என்பது குறித்த எடைக்கு எத்தனை இறால் என்ற எண்ணிக்கை. கிலோவுக்கு 33 கவுண்ட் குளத்து இறால் என்றால் ஒன்று சுமார் 30.3 கிராம். தலை நீக்கினால் 65 சதவீதம் தேறும் என்று வைத்தால் 19.7 கிராம், பவுண்டுக்கு 23. அமெரிக்காவின் 21/25 பெட்டி. அதே இறால் தலையோடு ஐரோப்பாவுக்கு 30/40, கிலோ கணக்கு. ஜப்பானுக்கு 1.8 கிலோ பிளாக் (உறைந்த கட்டி), அமெரிக்காவுக்கு 4 அல்லது 5 பவுண்டு, ஐரோப்பாவுக்கு 2 கிலோ. கிளேஸ் தண்ணீர் (உறைந்த இறால்மேல் ஏற்றும் பனிப்படலம்) நிகர எடையில் சேராது.

கருமை வராமலிருக்க முக்கும் மெட்டாபைசல்ஃபைட்டிலும் கவனம். ஐரோப்பாவில் கிலோவுக்கு 80 வரை கவுண்ட் உள்ள பச்சை இறாலுக்கு 150 பிபிஎம் எல்லை. சிறிய இறாலுக்கு எல்லை கொஞ்சம் கூடுதல். 10 பிபிஎம் தாண்டினால் ஐரோப்பா, அமெரிக்கா இரண்டு சந்தையிலும் லேபிளில் சொல்ல வேண்டும்.

யாருக்கு எது

குளம் சொந்தம், சோதனைக்கு முன்கூட்டியே மாதிரி தரும் ஒழுங்கு இருக்கிறது என்றால் ஐரோப்பா. 2025 செப்டம்பரில் கூடுதலாக 102 இந்திய ஆலைகள் பட்டியலில் ஏறியதால் போட்டி கூடும். இருந்தாலும் வரி ஆட்டம் அமெரிக்கா அளவுக்கு இல்லை. கடனில் ஓடும், சிறு பண்ணையாளர் பத்துப் பேரிடம் வாங்கிக் கலக்கும் ஆலைக்கு ஐரோப்பாவும் ஜப்பானும் ஆபத்து. ஒருவரின் குளம் பத்துப் பேரின் லாட்டைக் கெடுக்கும். அப்படிப்பட்டவர்கள் சீனாவுக்குப் போவது இயல்பு, ஆனால் அங்கே விலை கீழே. கணவாய் ஆலை முதலில் ஈரல் கிழியாத மேசையை ஒழுங்கு செய்துவிட்டு ஐரோப்பாவைத் தொடட்டும்.

ஒரு வாசலில் திரும்பியதை அடுத்த வாசலில் தள்ளிவிடலாம் என்ற கணக்கு பெரும்பாலும் தப்பு. நைட்ரோஃபியூரானில் ஐரோப்பா தள்ளிய இறாலை அமெரிக்காவும் ஜப்பானும் அதே காரணத்துக்காகத் தள்ளும். திசை மாற்ற முடிவது லேபிளில் சீனா நிறுத்திய சரக்கைத்தான், அதுவும் உறை மாற்றி, புதிய நலச்சான்று கிடைத்த பிறகு.