கோத்தகிரியில் பழைய வீடா, காலி மனையா?

கோத்தகிரிப் பக்கம் வீடு என்று முடிவானதும் எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு: விலைக்கு வந்த பழைய ஓட்டு வீடு, கொஞ்சம் தள்ளி ஒரு காலி மனை. நாங்கள் மனையை வாங்கித்தான் கட்டினோம். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

பழைய வீட்டின் வசதி தெரிந்ததுதான்: தண்ணீர், கரண்ட், பாதை எல்லாம் தயார். மனை என்றால் அலைச்சல். ஹாக்கா என்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமம் என்றால் வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை என்று தடையின்மைச் சான்றுக்கு ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். பொக்லைன் இறக்கவும் அனுமதி வேண்டும். 7 மீட்டர் உயரத்தைத் தாண்டவும் முடியாது.

அப்புறம் ஏன் மனை? காகிதம்தான் காரணம். அந்தப் பழைய வீட்டின் வரைபடத்தில் முன்பக்கம் திறந்த வராந்தா. நேரில் பார்த்தால் கண்ணாடி அடைத்த படுக்கையறை. பின்னால் கான்கிரீட் தளம் போட்ட இரண்டு அறைகள் வரைபடத்தில் இல்லவே இல்லை. “முப்பது வருஷமா நிக்குது சார், இனிமே யார் வந்து கேக்கப் போறாங்க?” என்றார் தரகர்.

2024 டிசம்பரில் மீரட் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கேட்டுவிட்டது. வருஷம் ஓடிவிட்டது, அதிகாரிகள் சும்மா இருந்தார்கள், பணத்தைக் கொட்டிவிட்டோம் என்பதெல்லாம் விதிமீறலை நியாயமாக்காது என்றது. பணி நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் பேரில் வங்கிகள் கடன் தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நாளை நான் விற்கப் போனால், வாங்குபவருடைய வங்கியின் வக்கீல் அந்தப் பின்னறைகளைத்தான் முதலில் கேட்பார். விலையை அடிமட்டத்துக்குக் குறைக்க அது ஒன்று போதும். மலைக்கு இந்தக் கண்டிப்பு புதுசும் இல்லை. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டலின் கூடுதல் தளங்களை இடிக்கச் சொன்ன உத்தரவை 1995இலேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வாய் நீளாது. எங்கள் தடுப்புச்சுவர் இன்னும் பெருமழை பார்க்கவில்லை. அந்தப் பழைய ஓட்டு வீடோ 2009 நவம்பர் மண்சரிவுக்கும் அசையாமல் நின்றது. அந்த நம்பிக்கையைப் புது வீடு இனிமேல்தான் சம்பாதிக்க வேண்டும்.

வரைபடமும் வீடும் ஒத்துப்போனால் பழையதையே வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் உள்ளாட்சி அலுவலகத்தில் வரைபட நகல் வாங்கி, டேப் பிடித்து அறை அறையாக அளந்துவிடுங்கள்.